இது இன்னும் அப்பப்பாவின் ஓட்டோதானா? உதவி தேவை

வணக்கம். வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். அப்பாவின் பழைய ஓட்டோவுக்கு எஞ்சின், ஹூட், சீட் என்று பாதிக்கு மேல் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கி மாற்றியாயிற்று. "இது இன்னும் அப்பப்பாவின் ஓட்டோவா?" என்று மகள் கேட்டாள். நம்பர் அதேதானே என்றேன். "அப்ப நம்பர்தான் ஓட்டோவா?"

பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்லும் தீசியஸ் கப்பலைச் சொன்னேன்: பலகை பலகையாக மாற்றிய கப்பல் அதே கப்பலா? கழற்றிய பலகைகளால் இன்னொன்று கட்டினால் எது அசல் என்ற ஆங்கிலத் தத்துவவாதி தோமஸ் ஹொப்ஸின் கேள்வியையும் சேர்த்தது என் பிழை. பிள்ளை தூங்கவில்லை.

பௌத்தத் துறவி நாகசேனர் மிலிந்த மன்னனுக்குச் சொன்ன தேர் உவமைப்படி, உறுப்புகள் சேர்ந்ததற்கு வைத்த பெயர்தான் 'தேர்'. எனக்கு அது பிடிக்கிறது. ஆனால் மகள் அடுத்து "அப்ப நான்?" என்பாள். பத்து வயதுப் பிள்ளையோடு இதை எங்கிருந்து தொடங்கலாம்? பிள்ளைகளோடு இப்படிப் பேசிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.