கே3-க்கு 250 ஹெர்ட்ஸ் ஃபில்டரா, 400-ஆ? இல்லை எதுவுமே வேண்டாமா?

மொட்டைமாடி_டைபோல் (ராமமூர்த்தி நகர், பெங்களூரு)

வணக்கம். போன வருடம் ஹாம் ரேடியோவுக்கான ஜெனரல் கிரேடு தேர்வு எழுதி வியூ2 கால்சைன் (ரேடியோவில் என் அடையாளப் பெயர்) வாங்கினேன். இதுவரை இரவல் ரிக்தான் (ரேடியோ செட்). இப்போது ஊர் மாறிப்போகும் ஒரு சீனியர் தன் எலெக்ராஃப்ட் கே3-ஐ எனக்குத் தருகிறார், செகண்ட் ஹேண்ட் என்றாலும் எனக்கு அது புதுசு. உள்ளே கம்பெனி போட்டுக் கொடுத்த 2.7 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டர் (அந்த அகலத்துக்குள் வருவதை மட்டும் உள்ளே விடுவது) மட்டும் இருக்கிறது, மீதி நாலு இடமும் காலி. 6 கிலோ, 1.8 கிலோ, 400, 250 எல்லாம் தனியாக ஒரு டப்பாவில் வைத்திருக்கிறார், ஒவ்வொன்றுக்கும் தனி விலை.

நான் பெரும்பாலும் 40 மீட்டர் பேண்டில்தான் (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்). காலையில் எஸ்எஸ்பியில் பேச்சு, ராத்திரி பிள்ளைகள் தூங்கினதும் கொஞ்சம் மோர்ஸ். மாடியில் இன்வர்ட்டட் வீ ஆண்டெனா கட்டியிருக்கிறேன். சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டர் 7-க்குக் கீழே இறங்குவதே இல்லை, அவ்வளவு இரைச்சல். ஃபில்டர் எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது என்று 250-ஐ எடுக்கப் பார்க்கிறேன். சரிதானா? ரிக்குக்குள் இருக்கும் டிஎஸ்பியிலேயே (டிஜிட்டலாக வடிகட்டும் பகுதி) 50 ஹெர்ட்ஸ் வரை குறுக்க முடியும்போது இன்னொரு ஃபில்டருக்கு ஏன் காசு என்று என் மனைவி கேட்கிறார். அவர் சாஃப்ட்வேர் ஆள், என்னிடம் பதில் இல்லை.

வால்வு_தாத்தா (மல்லேஸ்வரம்)

தம்பி, வீட்டில் கேட்டதுதான் சரியான கேள்வி. கே3-யில் சிக்னல் மிக்ஸரைத் தாண்டி 8.215 மெகாஹெர்ட்ஸுக்கு மாறினதும் இந்தக் கிரிஸ்டல் ஃபில்டரைத்தான் சந்திக்கிறது, டிஎஸ்பி கடைசியில் வருகிறது. உங்களுக்கு ஒரு கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஒருவர் பலமாகத் தட்டிக்கொண்டிருந்தால் 2.7 ஃபில்டர் அவரையும் உள்ளே விட்டுவிடும். சிக்னலை எண்களாக மாற்றும் ஏடிசி நிரம்பி வழியாமல் இருக்க ரிக் தானாகவே கெயினை (பெருக்கத்தை) குறைக்கும், அதோடு நீங்கள் கேட்க நினைத்த மெல்லிய சிக்னலும் அமுங்கும். டிஎஸ்பி அவருடைய சத்தத்தை நறுக்கிவிடும், ஆனால் போன கெயின் போனதுதான். வாசலில் நிறுத்த வேண்டிய ஆளைப் பந்தியில் உட்கார்ந்த பிறகு எழுப்ப முடியுமா?

ஆனால் உங்கள் கதை அது இல்லை என்று தோன்றுகிறது. எந்நேரமும் எஸ்7 என்றால் அது அக்கம்பக்கத்து மின்சார இரைச்சல். அது பேண்ட் முழுக்கப் பரவிக் கிடப்பது, அகலத்தைக் குறைத்தால் குறையும்தான், ஆனால் அந்த வேலையை டிஎஸ்பியே செய்துவிடும், கிரிஸ்டல் ஃபில்டரால் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. ராத்திரி ஒரு மெல்லிய ஸ்டேஷனைப் பிடித்து வைத்துக்கொண்டு கேளுங்கள். வேறு யாரோ கீயைத் தட்டும் தாளத்துக்கு உங்கள் ஆள் அமுங்கி அமுங்கி எழுந்தால் ஃபில்டர் வாங்குங்கள். எப்போதும் ஒரே சீராக 'ஸ்ஸ்' என்று இருந்தால் டப்பாவை அவரிடமே விட்டுவிடுங்கள். அப்புறம் வீட்டு மெயினை அணைத்து, ரிக்கை பேட்டரியில் ஓட்டி மீட்டரைப் பாருங்கள். இதை முதலில் செய்யுங்கள்.

இன்னொன்று, பெயரை நம்பாதீர்கள். எட்டு போல் (எட்டு கிரிஸ்டல்) '250' உண்மையில் சுமார் 370 ஹெர்ட்ஸ் அகலம், '400' சுமார் 435. இரண்டையும் வாங்குவது வீண்.

கான்டெஸ்ட்_கிறுக்கன் (எலெக்ட்ரானிக் சிட்டி)

தாத்தா சொல்வதில் பாதிக்குத்தான் நான் உடன்படுவேன். சாதாரண ராத்திரிக்கு ஒன்றும் வேண்டாம்தான், ஆனால் நவம்பர் கடைசி வாரக்கடைசியில் சிக்யூ டபிள்யூ டபிள்யூ மோர்ஸ் போட்டி நடக்கும்போது 7000-க்கும் 7040 கிலோஹெர்ட்ஸுக்கும் நடுவில் போய் உட்கார்ந்து பாருங்கள், அன்றைக்கு 2.7-ஐ மட்டும் வைத்துக்கொண்டு அழுவீர்கள். 400-ஐ எடுத்துவிடுங்கள், இன்னொரு தடவை இந்த விலைக்குக் கிடைக்காது. ஆனால் எதிர் ஆளுடைய டிரான்ஸ்மிட்டரே கீ கிளிக் (ஒவ்வொரு தட்டலிலும் அக்கம்பக்கத்தில் சிதறும் 'டக்' சத்தம்) அடித்தால் அந்த அழுக்கு உங்கள் ஃப்ரீக்வென்சியிலேயே வந்து விழுகிறது, எந்த ஃபில்டராலும் அதைத் தடுக்க முடியாது. எனக்கு இரண்டு கிலோமீட்டரில் அப்படி ஒருவர் இருக்கிறார், நல்ல மனுஷன், பெயர் வேண்டாம்.

1.8 உங்களுக்கு வேண்டாம். 7200-க்கு மேல் ஒலிபரப்பு நிலையங்களை ஏஎம்மில் கேட்கும் பழக்கம் இருந்தால் மட்டும் 6 கிலோ.

மொட்டைமாடி_டைபோல்

அண்ணா, தாத்தா, இருவருக்கும் நன்றி. நேற்று ராத்திரி பத்தரைக்கு மெயினை இறக்கினேன். ரிக் இன்னும் சீனியர் வீட்டில்தான் என்பதால் இரவல் ரிக்கையே பேட்டரியில் ஓட்டினேன், எஸ்7 பொத்தென்று எஸ்3-க்கு விழுந்தது. பிறகு ஒவ்வொரு எம்சிபியாகப் போட்டுப் பார்த்தேன், ஹால் பக்கம் போட்டதும் மறுபடியும் 6-க்கு ஏறியது. யூபிஎஸ்தான் என்று அடித்துச் சொல்லியிருப்பேன், கடைசியில் பார்த்தால் மகளின் மீன்தொட்டி எல்இடி விளக்கோடு வந்த கட்டைவிரல் அளவு அடாப்டர். பிடுங்கினால் 3, செருகினால் 6. நாலு தடவை செய்து பார்த்தேன், மகள் எழுந்து வந்து முறைத்தாள்.

தாளத்துக்கு அமுங்கி எழுவது இரண்டு இடத்தில் மட்டும் கேட்டது. ஆகவே 400 ஒன்றே ஒன்று எடுக்கிறேன். 250-க்கு வைத்திருந்த பணத்தில் ஆண்டெனாவுக்கு நல்ல கோஆக்ஸ் கேபிள். அடாப்டருக்கு எஸ்பி ரோடில் ஃபெரைட் (ஒயரில் மாட்டி இரைச்சலை அடக்கும் வளையம்) கிடைக்குமா, எந்த அளவு கேட்பது?

வால்வு_தாத்தா

கிடைக்கும், ஆனால் அதைத் தேடி அலையாதீர்கள். அதே எஸ்பி ரோடில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய மாதிரி 12 வோல்ட் டிசி அடாப்டர் கேளுங்கள், கையில் கனமாக இருக்கும். ஆம்பியர் பார்த்து வாங்குங்கள். மீன்களுக்கு வித்தியாசம் தெரியாது. 73 (ஹாம் பாஷையில் வாழ்த்துகள்).