மென்ஹிர்: %லெஃப்ட் கொடுத்தும் 2 * 3 + 4 க்கு 14 வருகிறது

கேள்வி – புள்ளிக்கமா

ஓகேமல் நிரல்மொழியில் சின்னதாக ஒரு கணக்கு மொழி எழுதுகிறேன். பார்சருக்கு (உள்ளீட்டை இலக்கணப்படி மரமாக்கும் பகுதி) மென்ஹிர், அதாவது இலக்கணத்திலிருந்து பார்சரை உருவாக்கித் தரும் கருவி. இலக்கணம் இவ்வளவுதான்:

மெயின்: எக்ஸ்பர் இஓஎஃப்
எக்ஸ்பர்: இன்ட் | எக்ஸ்பர் பின்ஆப் எக்ஸ்பர் | ( எக்ஸ்பர் )
பின்ஆப்: பிளஸ் | மைனஸ் | டைம்ஸ் | டிவ்

மேலே "%லெஃப்ட் பிளஸ் மைனஸ்", அதற்கு அடுத்த வரியில் "%லெஃப்ட் டைம்ஸ் டிவ்". இடமிருந்து சேர்க்கவும், பெருக்கல் வகுத்தலுக்கு முன்னுரிமை தரவும்தான் இவை. ஆனாலும் ட்யூன் (ஓகேமலின் பில்ட் கருவி) பில்டில் ஒரு ஸ்டேட்டில் ஷிஃப்ட்/ரெடியூஸ் மோதல் (அடுத்த டோக்கனை, அதாவது சொல்லை, வாங்குவதா, வாங்கியதை விதியாகச் சுருக்குவதா என்ற குழப்பம்) என்றும், 4 மோதல்களைத் தானாகவே ஏதோ ஒரு பக்கம் தீர்த்துவிட்டதாகவும் எச்சரிக்கை வருகிறது. விடையும் தப்பு: 2 * 3 + 4 க்கு 14, 10 - 4 - 3 க்கு 9. ஓகேமல்யாக் என்ற பழைய கருவி வெறும் எல்ஏஎல்ஆர்(1), மென்ஹிர் அதைவிட வலுவான எல்ஆர்(1) முறை என்பதால்தான் இதை எடுத்தேன். பிறகு ஏன் மோதல்? அடுத்ததாக, ஃபங்ஷன் பெயரையும் ஆர்கியுமெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதும் "எஃப் எக்ஸ்" பாணி அழைப்பும் சேர்க்கவேண்டும்.

பதில் – அடுக்குநினைவகம்

பின்ஆப் விதிக்கு முன்னால் %இன்லைன் என்று ஒரு சொல் சேருங்கள். நான்கு மோதலும் போய்விடும்.

காரணம் இது. முன்னுரிமை அறிவிப்புகள் வேலை செய்வது ஒரே ஓர் இடத்தில்: பார்சர் ஒரு விதியின் முடிவில் நிற்கும்போது, அந்த விதியின் முன்னுரிமையையும் அடுத்து வரும் டோக்கனின் முன்னுரிமையையும் ஒப்பிடுகிறது. விதியின் முன்னுரிமை, அதில் வலது ஓரமாக இருக்கும் டோக்கனிடமிருந்து வருவது. உங்கள் "எக்ஸ்பர் பின்ஆப் எக்ஸ்பர்" விதியில் டோக்கனே கிடையாது, பின்ஆப் ஒரு நான்டெர்மினல் (வேறொரு விதியின் பெயர்). ஆகவே அந்த விதிக்கு முன்னுரிமை இல்லை, ஒப்பிட ஒன்றுமில்லை. நான்கு ஆபரேட்டர், நான்கு மோதல். இப்படி முடிவாகாத மோதலில் மென்ஹிர் ஓகேமல்யாக்கைப் பின்பற்றி ஷிஃப்ட் பக்கம் போகிறது. அதனால் எல்லாமே வலப்பக்கம் சாய்ந்து 2 * (3 + 4), 10 - (4 - 3) ஆகிவிட்டது.

%இன்லைன் போட்டால் அந்த ஒரு விதி நான்கு விதிகளாக விரியும், ஒவ்வொன்றிலும் அதனதன் டோக்கன் இருக்கும். தனக்குள் தானே வரும் விதிக்கு மட்டும் %இன்லைன் போட முடியாது.

பில்ட் எச்சரிக்கைகளை மறுபடி பாருங்கள். பிளஸ்ஸுக்குக் கொடுத்த முன்னுரிமை எங்குமே பயன்படவில்லை என்று இன்னொரு வரியும் வந்திருக்கும். பலரும் தாண்டிப் போகும் வரி அது, நோயை நேராகச் சொல்வதும் அதுதான்.

எல்ஆர்(1) பற்றி: எல்ஏஎல்ஆர் ஸ்டேட்டுகளை அளவுக்கு மீறி ஒன்றாக்குவதால் முளைக்கும் போலி மோதல்கள் மென்ஹிரில் வராது. 1977இல் பேஜர் சொன்ன முறையில், ஒன்றாக்கினால் கெடாத ஸ்டேட்டுகளை மட்டும் அது சேர்க்கிறது. ஆனால் உங்கள் இலக்கணம் இருபொருள் தருவது. ஒரே வாக்கியத்துக்கு இரண்டு மரம் இருந்தால் எத்தனை டோக்கன் முன்னால் எட்டிப் பார்த்தாலும் தீராது.

பதில் – வால்சுழல்

மேலே சொன்னது சரி. சோதிக்க முழு பில்ட் தேவையில்லை. மென்ஹிரை --இன்டர்ப்ரெட், --இன்டர்ப்ரெட்-ஷோ-சிஎஸ்டி என்ற இரண்டு கொடிகளோடு ஓட்டி, டோக்கன் பெயர்களாகவே "இன்ட் டைம்ஸ் இன்ட் பிளஸ் இன்ட் இஓஎஃப்" என்று தட்டினால் மரத்தை அச்சிட்டுக் காட்டும். லெக்ஸர்கூட (உரையை டோக்கன்களாக வெட்டும் பகுதி) வேண்டாம்.

--எக்ஸ்ப்ளெய்ன் கொடுத்தால் .கான்ஃப்ளிக்ட்ஸ் கோப்பு உருவாகும். அதில் ஒவ்வொரு மோதலுக்கும் ஒரு மாதிரி வாக்கியமும், அது பிளக்கும் இரண்டு வழிகளும் இருக்கும். இதைக் கையால் ஓட்டும்போது ஒரு பொறி: மூலக் கோப்புறையிலேயே பார்சர்.எம்எல், பார்சர்.எம்எல்ஐ இரண்டும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்த ட்யூன் பில்டில் ஒரே கோப்புக்குப் பல விதிகள் என்று பிழை. இரண்டையும் அழித்துவிடுங்கள். ட்யூன் கோப்பின் மென்ஹிர் பகுதியில் ஃபிளாக்ஸ் என்று கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

பதில் – அடுக்குநினைவகம்

அழைப்புக்கு "எக்ஸ்பர் எக்ஸ்பர்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் டோக்கனே இல்லாததால் %லெஃப்ட் ஒட்ட இடமில்லை. மூன்று அடுக்காகப் பிரியுங்கள்:

ஆட்டம்: இன்ட் | ஐடி | ( எக்ஸ்பர் )
அப்ளை: ஆட்டம் | அப்ளை ஆட்டம்
எக்ஸ்பர்: அப்ளை | எக்ஸ்பர் பின்ஆப் எக்ஸ்பர் | மைனஸ் எக்ஸ்பர்

கடைசி விதிக்கு %ப்ரெக் யூமைனஸ் சேர்த்து, யூமைனஸ் என்ற பெயரை எல்லாவற்றுக்கும் கீழே %நான்அசாக் வரியில் அறிவியுங்கள். கீழே போகப்போக முன்னுரிமை கூடும். லெக்ஸர் அதை ஒருபோதும் தராது, பெயர் மட்டும் போதும்.

எதிர்க்குறியை ஆட்டத்துக்குள் வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். "எஃப் -1" என்பது கழித்தலா அழைப்பா என்று உடனே மோதல் வரும். மேலே உள்ளபடி விட்டால் அது கழித்தல். அழைப்பு வேண்டுமென்றால் எஃப் (-1). ஓகேமலும் அப்படித்தான்.

இன்னொன்று: லெக்ஸர் புதுவரியை விழுங்கிவிட்டு, கூற்றுகளுக்கு நடுவே பிரிப்பான் டோக்கனும் இல்லையென்றால், அடுத்த வரியின் முதல் சொல்லை முந்தைய அழைப்பு இன்னொரு ஆர்கியுமெண்டாக இழுத்துக்கொள்ளும். இதற்கு ஷிஃப்ட்/ரெடியூஸ் மோதல் எச்சரிக்கை வரும், தாண்டிப் போகாதீர்கள்.

பதில் – முப்புள்ளி

என் கட்சி வேறு: கூட்டலையும் பெருக்கலையும்கூட அடுக்காகவே பிரித்துவிடுங்கள். முன்னுரிமை அறிவிப்பு மோதலை மறைக்கிறது, நீக்குவதில்லை. காம்ப்செர்ட் சி கம்பைலரின் பார்சர் மென்ஹிரின் காக் (நிரூபணக் கருவி) வழியில் உருவாகிச் சரிபார்க்கப்படுவது. ஷூர்தான், போத்தியே, லெருவா மூவரும் 2012இல் வெளியிட்ட வேலை. அந்த வழியில் முழுமைக்கும் (சரியான உள்ளீடு எல்லாம் ஏற்கப்படும் என்பதற்கும்) நிரூபணம் வேண்டுமென்றால், முன்னுரிமையால் தீர்ந்த மோதல்கூட இருக்கக்கூடாது.

பதில் – வால்சுழல்

கணக்கு மொழிக்கு நிரூபணம் எதற்கு? 4.08இலிருந்து ஓகேமல் கம்பைலரின் சொந்தப் பார்சரே மென்ஹிர்தான், அதில் முன்னுரிமை வரிகள் வரிசையாக நிற்கின்றன. பத்து ஆபரேட்டருக்குப் பத்து அடுக்கு எழுதினால் படிப்பவர் கண் வலிக்கும். அழைப்புக்கு அடுக்கு, ஆபரேட்டருக்கு %லெஃப்ட்: இந்தக் கலவை போதும்.

கேட்டவர் – புள்ளிக்கமா

%இன்லைன் போட்டதும் 10, 3 என்று சரியாக வந்துவிட்டது. பிழை வந்தால் வெறும் "சின்டாக்ஸ் எரர்" என்றில்லாமல், என்ன எதிர்பார்த்தது என்று சொல்ல வைக்க முடியுமா?

பதில் – முப்புள்ளி

முடியும், இலக்கணம் நிலைத்த பிறகு செய்யுங்கள். --லிஸ்ட்-எரர்ஸ் கொடுத்தால் பிழை நேரக்கூடிய ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் ஒரு மாதிரி வாக்கியம் வரும். அதை .மெசேஜஸ் கோப்பில் சேமித்து, ஒவ்வொன்றின் கீழும் உங்கள் செய்தியை எழுதுங்கள். --கம்பைல்-எரர்ஸ் அதை ஸ்டேட் எண்ணைச் செய்தியாக மாற்றும் ஃபங்ஷனாக்கித் தரும். ஸ்டேட் எண் கையில் கிடைக்க --டேபிள் கொடியும், இன்க்ரிமென்டல் ஏபிஐயும் (பார்சரைப் படிப்படியாக ஓட்டும் இடைமுகம்), ட்யூனில் மென்ஹிர்லிப் நூலகமும் வேண்டும். இலக்கணத்தை மாற்றினால் --அப்டேட்-எரர்ஸ் ஓட்டிக் குறிப்புகளைப் புதுப்பியுங்கள். விட்டுப்போன ஸ்டேட் இருக்கிறதா என்று பார்க்க, --லிஸ்ட்-எரர்ஸ் புதிதாகத் தரும் பட்டியலையும் உங்கள் கோப்பையும் --கம்பேர்-எரர்ஸிடம் கொடுங்கள்.