‘எ சேஞ்ச் இஸ் கான்னா கம்’: வேறு குரல்களில் தேடுகிறேன், உதவுங்கள்

வணக்கம். சோல் இசை (அமெரிக்கக் கறுப்பினத்தவரிடையே பிறந்த உணர்ச்சிமிக்க பாடல் வகை) கேட்பவர்கள் இங்கே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன்.

1963 அக்டோபரில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில், கறுப்பினத்தவர் என்பதால் அமெரிக்கப் பாடகர் சாம் குக்குக்கு ஒரு மோட்டலில் அறை மறுக்கப்பட்டது. அந்தக் காயமும் சேர்ந்து பிறந்ததுதான் அவர் எழுதிப் பாடிய ‘எ சேஞ்ச் இஸ் கான்னா கம்’. ரெனே ஹால் அமைத்த வயலின்களும் பிரெஞ்சு ஹார்னும் எழும்போதே எனக்குத் தொண்டை அடைத்துவிடும். 1964 டிசம்பரில் சாம் குக் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் பாட்டு சிங்கிளாக (தனி இசைத்தட்டாக) வந்தது. சினிமாவுக்கும் டவுனுக்கும் போனால் விரட்டுகிறார்கள் என்று வரும் சரணத்தை அதில் வெட்டிவிட்டார்கள். பாட்டின் உயிரே அதுதான் என்பேன்.

1965இல் ஓடிஸ் ரெடிங் பாடியதும் 1967இல் அரீத்தா பிராங்க்ளின் பாடியதும் என்னிடம் உண்டு. ஓடிஸ் கெஞ்சுகிறார், அரீத்தா, பழைய நண்பர் ஒருவர் சொன்னதாகத் தொடங்கி, சாட்சி சொல்வதுபோல் பாடுகிறார்.

அந்தச் சரணத்தை விடாமல் பாடியவர்கள் வேறு யார் யார்? பியானோவோ கித்தாரோ மட்டும் வைத்துப் பாடிய மேடைப் பதிவுகள் இருந்தால் இன்னும் நல்லது. பாடகர், ஆல்பம், ஆண்டு சொன்னால் போதும், தேடி எடுத்துக்கொள்வேன். உங்களுக்குப் பிடித்தது எது, ஏன் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்களேன்.