புறநகர் மேயரின் முதல் பட்ஜெட்: ரவுண்டானாவா, குழாயா?

தெருவோரன்

ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழும் புறநகர். காலையில் பாதி ஊர் காரேறிப் பெருநகரத்துக்குப் போய்விடும், தூங்குவதற்குத்தான் திரும்பும். அங்கே ஒரு புதிய மேயர் பதவியேற்கிறார். முதல் பட்ஜெட்டில் எதற்கு முதலிடம் தர வேண்டும்? தெருவுக்கு என்கிறேன் நான். அதிலும் சந்திப்புகளுக்கு.

அமெரிக்காவில் இண்டியானாபொலிசுக்கு வடக்கே கார்மல் என்றொரு புறநகர் இருக்கிறது. 1996 முதல் 2023 முடிய அங்கே ஜிம் பிரெய்னார்ட்தான் மேயர். சிக்னல்களைப் பிடுங்கிவிட்டு ரவுண்டானா கட்டுவதில் அவருக்கு ஏறக்குறைய ஒரு வெறி. அவர் விடைபெற்றபோது ஊரில் 150க்கு மேல் இருந்தன. நான்கு சாலைகள் கூடும் சாதாரணச் சந்திப்பில் வண்டிகள் முட்டிக்கொள்ளக்கூடிய புள்ளிகள் 32. ஒரு தடம் மட்டுமுள்ள ரவுண்டானாவில் 8. சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானா வைத்தால் உயிரிழப்பும் காயமும் நேரும் விபத்துகள் முக்கால் பங்குக்கு மேல் குறைகின்றன என்பது அமெரிக்கக் கூட்டரசின் நெடுஞ்சாலைத் துறை போட்ட கணக்கு.

நல்ல ரவுண்டானாவை அருகில் நின்று பார்த்திருக்கிறீர்களா? நடுத்திட்டைச் சுற்றிக் கல் பாவிய ஒரு வளையம், சாலையைவிட இரண்டு மூன்று அங்குலம் மேடாக இருக்கும். காரில் வருபவர் அதில் ஏறினால் தடதடக்கும். ஏறமாட்டார், வேகத்தைக் குறைப்பார். நீள லாரியின் பின்சக்கரம் மட்டும் அதன்மேல் ஏறி இறங்கித் திரும்பும். போலீஸ்காரர் இல்லை, கேமரா இல்லை, அபராதம் இல்லை. அந்த இரண்டங்குல மேடு வேலையை முடித்துவிடுகிறது.

நிலவறை

ரவுண்டானாவை யாரும் குறை சொல்லவில்லை, நண்பரே. கார்மல் கதையின் மறுபாதியை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? அதே மேயர் காலத்தில்தான் 1,600 இருக்கைகள் கொண்ட இசை அரங்கமும் எழுந்தது, 2011இல் திறந்தார்கள். அதே காலத்தில்தான் ஊரின் கடனும் நூறு கோடி டாலரைத் தாண்டியது. அங்கே குடும்ப வருமானம் அந்த நாட்டின் பொதுநிலையைவிட வெகு உயரம். அவர்கள் அகலக்கால் வைத்தும் விழவில்லை என்பதால் எல்லா ஊரும் வைக்கலாமா?

புறநகருக்கென்றே ஒரு நோய் உண்டு. மனை போட்டு விற்பவரே சாலை, குழாய், விளக்குக் கம்பம் எல்லாவற்றையும் அமைத்து ஊராட்சியிடம் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போவார். முதல் தலைமுறைக்கு வரியும் குறைவு, எல்லாம் புதிது. இருபது முப்பது ஆண்டுகள் கழித்து எல்லாம் ஒரே நேரத்தில் கிழடு தட்டும். ஒரே ஆண்டில் போட்ட சாலைகள் ஒரே ஆண்டில் பெயரும். அப்போது நாற்காலியில் இருக்கும் மேயருக்கு அந்த இலவசத்தின் பில் வரும்.

நீங்கள் ரவுண்டானாவைக் காட்டினீர்கள். நான் வேறொன்றைக் காட்டுகிறேன். அதிகாலை இரண்டு மணி முதல் நான்கு மணிவரை ஊரில் ஏறக்குறைய யாரும் தண்ணீர் திறப்பதில்லை. அந்நேரத்திலும் மீட்டரில் ஓட்டம் குறையாமல் இருந்தால், பெரும்பகுதி மண்ணுக்குள் போகிறது என்று பொருள். அப்போது ஓர் ஊழியர் தெருவில் இறங்குவார். கையில் ஒரு கோல். ஒரு முனையை வால்வின் மேல் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். நல்ல குழாய் பேசாது. ஓட்டை விழுந்த குழாய் சீறும். இன்று இதற்கு மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன, ஆனால் கேட்கத் தெரிந்த காது இன்னும் வேண்டியிருக்கிறது. அந்தக் காதுக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. என் மேயர் முதல் பட்ஜெட்டில் அதற்குத்தான் பணம் ஒதுக்குவார்.

தெருவோரன்

அழகாகச் சொன்னீர்கள், ஆனால் அந்தக் காதுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? 1990இல் கார்மலில் இருந்தவர்கள் ஏறக்குறைய 25,000 பேர். 2020 கணக்கெடுப்பில் 99,757. நடக்க ஓர் ஊர் மையம் இருந்தது, மக்கள் வந்தார்கள், நிறுவனங்கள் வந்தன. ஆள் வந்தால் வரி வரும், அந்த வரியில்தான் உங்கள் குழாய்.

பணக்கார ஊர்தான் செய்யும் என்பதும் சரியல்ல. ஸ்பெயினில் பொன்தெவேத்ரா என்ற சுமார் 80,000 பேர் வாழும் ஊரில் 1999 முதல் லோரெஸ் என்ற மருத்துவர் மேயர். ஊர் மையத்திலிருந்து கார்களை வெளியேற்றினார், மற்ற தெருக்களில் 30 கிலோமீட்டர் வேகம் போதும் என்றார். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் சாவில் முடியும் விபத்துக்கான ஆபத்து நான்கு சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வேகத்தைக் குறைக்க இசை அரங்கம் தேவையில்லை.

நிலவறை

பொன்தெவேத்ரா புறநகரா? ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே போய்விடக்கூடிய பழைய ஊர் அது. அங்கே கார்தான் பிற்பாடு நுழைந்த விருந்தாளி. புறநகரில் காருக்காகத்தான் ஊரே பிறந்தது. பால் வாங்கப் போகவும் சாவியைத் தேட வேண்டும். மையமே இல்லாத ஊரில் எந்த மையத்திலிருந்து காரை வெளியேற்றுவீர்கள்?

உங்கள் 99,757க்கு வருவோம். அந்த வளர்ச்சியில் ஒரு பங்கு சுற்றியிருந்த குடியிருப்புகளை ஊர் எல்லைக்குள் சேர்த்துக்கொண்டதால் வந்தது. எல்லைக்கோட்டை நகர்த்தினால் என் வீட்டு மக்கள்தொகையும் கூடும்.

பழைய ரசீது

இருவரும் பணத்தை எங்கே செலவிடுவது என்றே பேசுகிறீர்கள். அது எந்த வழியாக வருகிறது என்று யாராவது கேட்டீர்களா?

அமெரிக்காவில் செயின்ட் லூயிசின் புறநகர் ஃபெர்குசன், அப்போது சுமார் 21,000 பேர். 2014இல் போலீஸ்காரர் ஒருவர் மைக்கேல் பிரவுன் என்ற இளைஞரைச் சுட்டுக்கொன்ற பிறகு அமெரிக்கக் கூட்டரசின் நீதி அமைச்சகம் அந்த ஊர் போலீசின் கணக்கைப் புரட்டியது. 2015 மார்ச்சில் வந்த அறிக்கை சொன்னது இது: அங்கே போலீசை நடத்தியது பாதுகாப்பு அல்ல, வருவாய். அபராதச் சீட்டு இன்னும் அதிகமாக எழுதாவிட்டால் அடுத்த ஆண்டு வசூலைக் கூட்டுவது கடினம் என்று 2010இலேயே நிதி அதிகாரி போலீஸ் தலைவருக்கு எழுதியிருந்தார். முற்றத்துப் புல் உயரமாக வளர்ந்தால்கூட அபராதம். கட்ட முடியாதவர் நீதிமன்றத்துக்கு வராவிட்டால் பிடிவாரண்ட். ஒரு ரசீதில் தொடங்கியது சிறையில் முடியும்.

அந்த ஊரிலும் மேயர் இருந்தார், பட்ஜெட் இருந்தது, எண்கள் கூட்டினால் சரியாகவும் வந்திருக்கும். மேயரின் முதல் முன்னுரிமை என்னைக் கேட்டால் ஒரே வரி: அபராத வருவாயை எதிர்பார்த்து எந்தச் செலவையும் எழுதாதே. ரவுண்டானாவும் குழாயும் அதற்குப் பிறகு.

எறும்பு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மேயர் நினைத்தால் நடக்கும் என்று மூவரும் நம்புகிறீர்கள். ஏராளமான புறநகர்களில் மேயருக்கு மன்றத்தில் ஒரே ஓட்டுதான். சம்பளத்துக்கு வைத்த நகர நிர்வாகிதான் பட்ஜெட்டை எழுதுகிறார். அமெரிக்காவின் பெரிய நகரங்களில் முதலாவதாக டேட்டன் 1914இல் இந்த முறைக்கு மாறியது. பிறகு புறநகர்கள் அதைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்துக்கொண்டன. அப்படிப்பட்ட மேயரிடம் மிஞ்சுவது கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல், ஒலிவாங்கி, அவ்வளவே. முன்னுரிமைப் பட்டியலைவிட மன்றத்தில் நான்கு ஓட்டுச் சேர்க்கும் திறமை அவருக்கு அதிகம் தேவை.

தெருவோரன்

எறும்பு சொல்வது உண்மை. ஆகவேதான் கண்ணுக்குத் தெரியும் வேலையில் தொடங்கச் சொல்கிறேன். ஒரு சந்திப்பை மாற்றிக் காட்டினால் மறுநாளே பள்ளிப் பிள்ளையோடு கடக்கும் தாய்க்குத் தெரிந்துவிடும். அவர் அடுத்த கூட்டத்துக்கு வருவார். உங்கள் நான்கு ஓட்டு அங்கிருந்துதான் வரும். குழாயைக் கொண்டு யாரைக் கூட்டத்துக்கு அழைப்பது?

பழைய ரசீது சொன்னதற்கும் இதுவே என் பதில். வேகத்தைத் தெருவே அடக்கிவிட்டால் போலீசின் கையில் சீட்டுப் புத்தகமே மெலிந்துவிடும்.

பழைய ரசீது

புல்லுக்கும் ரவுண்டானா கட்டுவீர்களா? ஆசை விடாது, ஐயா. வேகத்தில் வராத காசு வேறொன்றில் வரும்.

நிலவறை

சரி, பாதி வழி வருகிறேன். எந்தச் சந்திப்பை உடைத்தாலும் கீழே இருக்கும் குழாயின் வயதை முதலில் பாருங்கள். மாற்ற வேண்டிய குழாய் என்றால் அதே குழியில் மாற்றிவிடுங்கள். புதுச் சாலை போட்ட ஆறாவது மாதம் குழாய்க்காக மறுபடி வெட்டுவதைப் போல மக்களை எரிச்சலூட்டுவது எதுவும் இல்லை. உங்கள் தாயும் அன்றைக்குக் கூட்டத்துக்கு வருவார், ஆனால் வேறு முகத்தோடு. இந்த வரிசையை ஏற்றுக்கொண்டால் உங்கள் முதல் ரவுண்டானா எந்த மூலையில் என்பதை என் குழாய் வரைபடம் முடிவு செய்யும். சம்மதமா?

தெருவோரன்

முழுச் சம்மதம் இல்லை. விபத்து நடக்கும் மூலை ஒன்று, குழாய் கிழடான மூலை வேறொன்று என்றால் நான் விபத்து மூலைக்குத்தான் முதலில் போவேன். இரண்டும் ஒன்றாக அமையும் இடத்தில் உங்கள் குழி, என் ரவுண்டானா.

நிலவறை

அது போகட்டும், ஒரே ஒரு கேள்வி. இரவு இரண்டு மணிக்குக் கோல் பிடிக்கிறவர் ஓய்வு பெறுகிறார் என்று வையுங்கள். அந்தப் பணியிடத்தை உங்கள் மேயர் நிரப்புவாரா?

தெருவோரன்

நிரப்புவார். இரண்டாம் ஆண்டு பட்ஜெட்டில்.

நிலவறை

இதைத்தான் இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.