அடித்தேக்கம்: தாங்கிக்குள் இருந்தும் எஞ்சினுக்கு வராத பெற்றோலுக்கு ஒரு சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய மோட்டார் சைக்கிளுக்குப் பெரிய தாங்கி (பெற்றோல் டாங்க்) பூட்டுவதைப் பற்றிய இழையில் ‘தாங்கி மாற்று’ என்பதா, ‘மாற்றுத்தாங்கி’ என்பதா என்று மடல்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. எனக்கு இரண்டும் சம்மதம். வேலைக்கு முதல் சொல், வேறு வண்டியிலிருந்து கழற்றி வந்த பொருளுக்கு இரண்டாம் சொல் என்று வைத்துக்கொள்ளலாம். நமக்குச் சொல் இல்லாமல் கிடப்பது வேறு இடத்தில். தாங்கிக்குள் பெற்றோல் இருக்கிறது, ஆனால் டெப் (தாங்கியின் அடியில் பெற்றோலைத் திறந்து மூடும் குழாய்) வழியாக இறங்க மாட்டேன் என்கிறது. அந்தப் பெற்றோலுக்கு என்ன பெயர்?

இதை நான் வண்டியோட்டிக் கற்றதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் ஹட்டன் பக்கம். தகப்பனார் வைத்திருந்த பழைய 125 சீசீ ஹொண்டா இப்போது என்னிடம். 2022 தொடக்கத்தில் பெற்றோல் செட்டுகளில் வரிசை நீள ஆரம்பித்ததும், கிடைக்கும்போது நிறைய அடித்து வைக்கலாம் என்று வேறொரு வண்டியின் தாங்கியை வாங்கிப் பூட்டினேன். பழைய தாங்கி நான் அளந்தபோது ஒன்பதரை லீற்றர் கொண்டது. புதிதாக வந்தது 15 லீற்றர். அதன் அடிக்குடைவு என் வண்டியின் முதுகுக் குழாய்க்கு (தாங்கி மேலே உட்காரும் சட்டகக் குழாய்) சற்று ஒடுக்கம். பூட்டித் தந்தவர் பின்பக்கத் தாங்கலை ஒன்றரை அங்குலம் உயர்த்தி ஒட்டு வைத்துச் சமாளித்துவிட்டார். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது, மூக்கைத் தாழ்த்திய ஆட்டுக்கடா மாதிரி.

அப்புறம் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். ஓகஸ்ட் மாதம் என் முதல் 4 லீற்றரை வாங்கி வெறுந்தாங்கியில் ஊற்றினேன். எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று மனக்கணக்கும் போட்டு வைத்தேன். டெப் ஆரம்பத்திலிருந்தே ரிசேர்வில்தான் (மட்டம் குறைந்தபின் அடிப்பெற்றோலை எடுக்கும் நிலை) இருந்தது. மூன்றாம் நாள் நுவரெலியாவிலிருந்து ரம்பொடைப் பக்கம் இறங்கும்போது, லபுக்கலை தாண்டுவதற்குள் எஞ்சின் இருமிச் செத்தது. வண்டியை ஆட்டினால் உள்ளே சளக் சளக் என்கிறது. மூடியைத் திறந்தால் முன்பக்கத்தில் பெற்றோல் பளபளக்கிறது. காபரேட்டருக்கோ ஒரு சொட்டு இல்லை. வேறு வழி தெரியாமல் வண்டியைத் திருப்பி ஏற்றத்தைப் பார்க்க நிறுத்தி, இடப்பக்கம் நன்றாகச் சரித்து, கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்டார்ட் ஆனது.

வீட்டுக்கு வந்ததும், சமதரையில் நிறுத்தி டெப் வழியாக வருவது முழுவதையும் வடியவிட்டு, தாங்கியைக் கழற்றிக் கவிழ்த்து அளந்தேன். 1 லீற்றர் 150 மில்லிலீற்றர். அப்போது வாரத்துக்குக் கிடைத்த 4 லீற்றரில் கால் பங்குக்கு மேல்!

காரணம் எளிது. இந்த வகைத் தாங்கி சேணம் மாதிரி முதுகுக் குழாயின் இரு பக்கமும் தழுவி இறங்குகிறது. உள்ளே நடுவில் மேடு, இரு பக்கமும் பள்ளம். டெப் இருப்பது ஒரு பள்ளத்தில் மட்டும், பெரும்பாலும் இடப்பக்கம் பின்னால். மட்டம் மேட்டுக்குக் கீழே போனதும் வலப்பள்ளத்தில் உள்ளது அங்கேயே நின்றுவிடும். தாங்கியின் பின்புறம் உயர்ந்திருந்தால் இடப்பள்ளத்தில் உள்ளதும் மூக்குப் பக்கம் ஓடிவிடும். இறக்கத்தில் இன்னும் மோசம்.

சொல்லுக்கு வருகிறேன். கோவை நண்பர் எழுதியது:

> பயன்படா எரிபொருள் என்று வைக்கலாம். நீர்த்தேக்கங்களுக்குப் ‘பயன்படாக் கொள்ளளவு’ என்று எழுதுகிறோமே.

பொருள் விளங்குகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எனக்கு இரண்டு தடைகள். ஒன்று, அது பயன்படுகிறது. சரித்துப் பிடித்தால் வருகிறது, லபுக்கலையில் என்னை வீடு சேர்த்ததே அதுதான். இரண்டாவது பெரிய தடை. ‘பயன்படா’ என்றதும் அது தாங்கியின் பிறவிக் குணம் போலத் தொனிக்கிறது. இந்த அளவோ தாங்கியை எப்படிப் பூட்டினோம், வண்டி எந்தச் சரிவில் நிற்கிறது என்பவற்றைப் பொறுத்து மாறுகிறது. அதே தாங்கி, பின்தாங்கல் தாழ்ந்ததும் வேறு கணக்குக் காட்டியது. அதைக் கீழே சொல்கிறேன்.

வவுனியா அண்ணன் ‘மடை’ என்ற சொல்லைக் கொண்டுவந்தார். டெப்புக்கு மடை, சாதாரண நிலைக்கு மேல்மடை, ரிசேர்வுக்கு அடிமடை. இது எனக்கு மிகவும் பிடித்தது. டெப்பின் அமைப்பே அப்படித்தான். உள்ளே ஒரு சிறு குழல் நிமிர்ந்து நிற்கும். பெற்றோல் அதன் வாய்க்கு மேலே இருக்கும் வரை ஒரு வழி, கீழே போனதும் அடித்துளை வழியாக இன்னொரு வழி. குளத்து மடையை அறிந்தவருக்கு விளக்கமே தேவையில்லை. எங்கள் தேயிலைத் தோட்டங்களில் மடை இல்லை, தண்ணீர் விழும் பீலிதான். பீலி என்று வைக்கலாமா என்றும் யோசித்துப் பார்த்தேன். ஆனால் பீலியை மூட முடியாது, அது பாட்டுக்கு இரவும் பகலும் ஓடும். திறந்து மூடுவதற்கு மடைதான் சரி. இதில் நான் அண்ணன் பக்கம்.

ஆனால் அடிமடைக்கும் கீழே நிற்பதைப் பற்றி அண்ணனின் மடலில் ஒன்றும் இல்லை. அங்கேதான் என் முன்மொழிவு: அடித்தேக்கம்.

இது நான் உட்கார்ந்து யோசித்த சொல் அல்ல. தாங்கியைத் திரும்பக் கொண்டுபோனபோது ஹட்டனில் வேறொரு மெக்கானிக் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “அடியில தேங்குதுண்ணே, அது வராது” என்றார். அந்த வாக்கியத்தைப் பெயராக்கினால் அடித்தேக்கம். வினையாகவும் நிற்கும்: ‘இந்தத் தாங்கியில் ஒரு லீற்றர் அடித்தேங்கும்’. நீர்த்தேக்கம் என்ற சொல்லோடு வளர்ந்தவர்கள் நாங்கள், காசல்ரீயும் மவுசாகலையும் கண்ணெதிரே இருக்கின்றன. கடும் வறட்சியில் மவுசாகலை வற்றும்போது மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் மேலே தெரியும், அப்போதும் அதற்கும் கீழே தண்ணீர் கிடக்கும். மின்நிலையத்துக்குப் போகும் வாய்க்குக் கீழே உள்ள தண்ணீர் சுழலியைச் சேராது. அதே கதைதான் தாங்கிக்குள்ளும்.

இந்தச் சொல்லை முன்பு ஒரு வரியில் சொன்னபோது மட்டக்களப்பு அக்கா கேட்டது நியாயமான கேள்வி:

> அடித்தேக்கம் என்றால் அடியில் படியும் துருவையும் தூசியையும் சொல்வதாக எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

அக்கா, படிவதற்கு வண்டல், மண்டி என்று ஏற்கனவே நல்ல சொற்கள் உண்டு. தேங்குவது என்றால் முதலில் நினைவுக்கு வருவது நீர்மம்தான். மண் படிந்தது என்போம், தேங்கியது என்று பெரும்பாலும் சொல்வதில்லை. இரண்டும் ஒரே இடத்தில் சேரும் என்பது உண்மை. பழைய தாங்கியில் துரு முதலில் பிடிப்பதும் அங்கேதான், பெற்றோலுக்குக் கீழே இறங்கும் தண்ணீரும் அங்கேயே தங்குகிறது. அதனால்தான் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும் என்கிறேன். அடித்தேக்கத்தை வடித்துவிட்டு வண்டலைக் கழுவு என்று ஒருவருக்குத் தெளிவாகச் சொல்ல முடிய வேண்டும்.

‘ரிசேர்வ் என்றால் போதாதா’ என்றும் ஒருவர் கேட்டிருந்தார். போதாது. ரிசேர்வ் நாம் திருப்பினால் வருவது. அதுகூடத் தாங்கி மாறினால் மாறும். அதே டெப்பை அகன்ற அடியுள்ள தாங்கியில் பூட்டினால், குழலின் உயரம் மாறாவிட்டாலும் அடிமடைப் பெற்றோல் கூடும். பழைய வண்டியின் பழக்கத்தில் ‘ரிசேர்வில் இத்தனை மைல்’ என்று கணக்குப் போட்டால் தவறிவிடும். என் தவறும் அதுதான், இரண்டையும் ஒன்றாக எண்ணினேன்.

பிறகு செய்தது: பின்தாங்கலின் ஒட்டை வெட்டித் தாழ்த்தி, குடைவு முட்டிய இடத்தில் மெல்லிய இறப்பர் வைத்துச் சரிசெய்தோம். ஹாண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, தாங்கியில் முட்டவில்லை என்று பார்த்துக்கொண்டோம். வலப்பள்ளத்தின் அடியில் ஒரு சிறு குழாய்முனை ஒட்டி, இடப்பள்ளத்தோடு ரப்பர் குழாயால் இணைத்தோம். இப்போது அளந்தால் 300 மில்லிலீற்றர். அந்த இணைப்புக்கு ‘பள்ளமிணைப்பு’ என்று யாரோ எழுதியிருந்தீர்கள், இருக்கட்டும்.

யாராவது இதைப் படித்துவிட்டுத் தாங்கியை வெல்டிங்குக்குக் கொண்டுபோனால் ஒரு வேண்டுகோள். வெறுந்தாங்கிதான் ஆபத்து. பெற்றோல் ஆவி காற்றோடு கலந்து உள்ளே நிற்கும், ஒரு பொறி போதும் வெடிக்க. பல தடவை கழுவி, ஒட்டும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர் நிரப்பிக்கொண்டுதான் நெருப்பைக் கிட்டக் கொண்டுவர வேண்டும். இந்த வேலையில் கைப்பழக்கம் உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள்.

இன்னொரு சொல்லும் கிடைத்தால் நல்லது, அவசரம் இல்லை. தாங்கியின் மேற்பகுதியில் விட்டுவைக்க வேண்டிய வெற்றிடத்துக்கு. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காலைக் குளிரில் விளிம்பு வரை அடித்துக்கொண்டு கீழே வெயிலுக்கு இறங்கினால் பெற்றோல் விரியும். 15 பாகை செல்சியஸ் கூடினால் 15 லீற்றருக்கு 200 மில்லிலீற்றருக்கு மேல். ‘விரிவிடம்’ எனக்குச் சரியாகப் படுகிறது. இதைத் தனி இழையில் பேசலாம்.

நம் சொல் தொகுப்பில் சேர்க்க நான் தரும் பதிவு இது:

அடித்தேக்கம் (பெயர்): சமதரையில் நேராக நிறுத்திய வண்டியின் தாங்கியில், அடிமடையைத் திறந்து வடியவிட்ட பிறகும் எஞ்சி நிற்கும் எரிபொருள். வினை: அடித்தேங்கு. எடுத்துக்காட்டு: ‘மாற்றுத்தாங்கி பூட்டியதும் முதலில் அடித்தேக்கத்தை அள.’

பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் பழைய வண்டிக்குத் தாங்கி மாற்றியவர்கள் இங்கே இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். உங்கள் தாங்கியையும் கவிழ்த்து அளந்து எழுதுங்கள். உங்கள் கராஜில் இதற்கு வேறு பேச்சுச்சொல் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அது இதைவிட நன்றாக இருந்தால் என் சொல்லை எடுத்துவிடலாம்.