புதுப்பிப்பு: டயாலிசிஸும் சபைச் சாப்பாடும்

மூன்று மாதத்துக்கு முன் இங்கே கேட்டிருந்தேன்: டயாலிசிஸ் தொடங்கியாச்சு, மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு எங்கள் கிறிஸ்தவ சபையில் சனிக்கிழமை சமைப்பதை விட்டுவிடவா என்று. பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

விடவில்லை. செவ்வாய், வியாழன், சனி 4 மணி நேரம் ஊசியோடு படுத்திருப்பதால், சாப்பாட்டை ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு மாற்றிக்கொண்டோம். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) போட்ட இடது கையில் பாரம் தூக்கக் கூடாது. சோற்றுப் பானையைத் தம்பிமார் தூக்குகிறார்கள், நான் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறேன். அந்தக் கையில் விரல் வைத்தால் ரத்தம் 'உர்' என்று ஓடுவது தெரியும். பழைய லயத்துப் பாட்டி ஒருவர் வாராவாரம் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எனக்காக ஜெபிப்பார். அவருக்கும் சிறுநீரகக் கோளாறு என்பது அப்புறம்தான் தெரிந்தது. இப்போது எங்கள் இருவருக்கும் காய்கறியை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளிக்கிறேன்; எங்கள் சிறுநீரகத்தால் சரியாக வெளியேற்ற முடியாத பொட்டாசியம் அதில் குறையும்.

தன் உடலில் 'முள்' என்று சொன்ன வேதனையை எடுத்துவிடும்படி அப்போஸ்தலன் பவுல் மூன்று முறை வேண்டியது பைபிளில் 2 கொரிந்தியர் 12-இல் இருக்கிறது. முள் போகவில்லை. நானும் தினம் கேட்கிறேன், இன்னும் கேட்பேன். கர்த்தர் மேல் வருத்தமில்லை.

சரி, ஓர் உதவி. திங்கட்கிழமை பாட்டியை ஈப்போவில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கார் எடுத்துப் போகிறவர்கள் சொல்லுங்கள்.