55 டன் கன்டெய்னர் டிரெய்லர்: சென்னைத் துறைமுக ஓட்டத்துக்கு மின்சாரம் கட்டுப்படியாகுமா?

(சிலர் புனைபெயர்களில் நடத்திய விவாதம்.)

யூனிட்கணக்கு:
ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கும் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்கும் இடையே ஓடும் டிரெய்லர்கள்தான் தமிழ்நாட்டில் முதலில் மின்சாரத்துக்கு மாற வேண்டும் என்பது என் கட்சி. போய்வர 100 முதல் 160 கிலோமீட்டர், இரவில் வண்டி யார்டுக்குத் திரும்பிவிடும். மொன்ட்ரா ரைனோ 5538 என்கிற மின் லாரியில் 282 யூனிட் பேட்டரி. கம்பெனி சொல்லும் ரேஞ்ச் 198 கிலோமீட்டர். லோடோடு கிலோமீட்டருக்கு 1.4 யூனிட், காலியாக வந்தால் 0.9 என்று போட்டால் சராசரி 1.15. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து மீட்டரில் 1.3. சொந்த இணைப்பில் யூனிட் 10 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 13 ரூபாய். டீசல் லிட்டர் 92 ரூபாய், மைலேஜ் 3 என்று வைத்தால் 30 ரூபாய்க்கு மேல் போகிறது. டீசல் புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் ஆட்ப்ளூ திரவத்தின் செலவு தனி. 2025 ஜூலையில் வந்த மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் லாரி மானியம் வண்டிக்கு 9.6 லட்சம் வரை கிடைக்கும். இதற்கு மேல் என்ன வேண்டும்?

கிங்பின்:
மானியம் சும்மா வராதுங்க. அதே எடைக்கோ அதுக்கு மேலேயோ ஒரு பழைய லாரியை ஸ்கிராப்புக்குக் கொடுத்த சர்ட்டிஃபிகேட் இருந்தாத்தான் கிடைக்கும். நம்மகிட்ட இல்லைன்னா வெளியில வாங்கணும், அதுக்கொரு விலை.

அடுத்தது வண்டி விலை. டீசல் டிராக்டரைவிட (டிரெய்லரை இழுக்கற முன்வண்டி) 60 லட்சம் கூடன்னு வைங்க, மானியம் போக 50 லட்சம். 11 விழுக்காடு வட்டின்னா வருசத்துக்கு அஞ்சரை லட்சம் வட்டி மட்டும். நீங்க சொல்ற 17 ரூபா மிச்சத்துல வட்டியைக் கட்டவே 32,000 கிலோமீட்டர் ஓடணும். துறைமுக கேட்ல க்யூ நிக்கிற நாள்ல ஒரு நடை அடிக்கறதே பெரிய பாடு. 25 நாளுக்கு நாள் 100 கிலோமீட்டர்னா மாசம் 2,500, வருசம் 30,000. வட்டிக்கே பத்தலை, அசலை யார் கட்டறது?

யூனிட்கணக்கு:
க்யூவில் நிற்கும்போது டீசல் வண்டி சும்மா நிற்பதில்லை, மணிக்கு 2, 3 லிட்டர் குடிக்கிறது. 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாரான லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம். டிரைவர் இன்ஜினை அணைக்க மாட்டார். மின்வண்டியில் ஏசிக்கு மணிக்கு ஓரிரு யூனிட் போதும். நாளுக்கு 4 மணி நேரம் நின்றால் மாதம் 20,000 ரூபாய் இங்கேயே மிச்சம்.

கிங்பின்:
சரிங்க, வருசம் 2.4 லட்சம் கூட்டிக்கங்க. 5.1 லட்சத்தோட சேர்த்து ஏழரை. வட்டி போக 2 லட்சம் மிச்சம். 50 லட்சம் அசலை எப்ப அடைப்பீங்க? க்யூ நீண்டா மின்வண்டிக்கு லாபம்னு எல்லாரும் சொல்றாங்க. நிஜத்துல, முதல் அதிகம் போட்ட வண்டியை நிறுத்தி வைக்கறதுதான் பெரிய நஷ்டம்.

அச்சுப்பளு:
பேட்டரி எடையால் லோடு குறையும் என்று யாராவது வருவதற்கு முன் ஒரு வார்த்தை. கன்டெய்னருக்கு அந்த வாதம் எடுபடாது. வண்டி, டிரெய்லர், லோடு எல்லாம் சேர்த்து மொத்த அனுமதி 55 டன். மின் டிராக்டர் சுமார் 10 டன், பெட்டியைத் தாங்கும் வெறும் சட்டமான 40 அடி ஸ்கெலிட்டல் டிரெய்லர் 6, 7 டன். மீதி 38 டன். முழுதாக ஏற்றிய 40 அடி பெட்டியே 30, 32 டன்தான். பேட்டரியின் 2 டன் அங்கே யாருக்கும் தெரியாது. சிமென்ட் பல்கர் (தூள் சிமென்ட் டேங்கர்), ஸ்டீல் காயில் ஓட்டத்தில் கணக்கு வேறு. அங்கே டன்னுக்கு வாடகை, 2 டன் குறைந்தால் ஒவ்வொரு நடையிலும் கையை விட்டுப் போகும். 20 அடிப் பெட்டி இரண்டு ஏற்றுகிறவர்களும் எடைச்சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.



யார்டு:
ரெண்டு பேரும் சார்ஜரைப் பற்றிப் பேசவே இல்லை. 240 கிலோவாட் சார்ஜர் என்றால் ஒரே கன்னில் (வண்டியில் செருகும் பிளக்) 240 வரும் என்று நினைக்க வேண்டாம். உள்ளே கூலன்ட் ஓடாத சாதாரண சிசிஎஸ்-2 வகை (வேகச் சார்ஜ் பிளக்) கேபிள் 200 ஆம்பியர் அளவில்தான் தாங்கும். பேட்டரி 650 வோல்ட் என்றால் 130 கிலோவாட். அதனால்தான் இரண்டு கன்னையும் ஒரே நேரத்தில் செருகுகிற மாதிரி வண்டியில் இரண்டு சாக்கெட் வைக்கிறார்கள். ஒரு கன் லூசாக உட்கார்ந்தால் அதன் பிளக் முள் சூடாகும், சார்ஜர் தானாகவே ஆம்பியரைக் குறைக்கும். ஒரு மணி நேர வேலை இரண்டு மணி நேரம் இழுக்கும்.

இடமும் முக்கியம். கேபிள் நீளம் 5 மீட்டர் சுமார். கார் சார்ஜர் மாதிரி சுவரோரம் வைத்தால் 40 அடி டிரெய்லரோடு அருகில் போக முடியாது. ஒவ்வொரு முறையும் டிரெய்லரை டிராக்டரோடு பூட்டும் கிங்பின்னைக் கழற்றி, ஏர் ஹோஸைப் பிரித்து, டிரெய்லரின் தாங்குகாலை (லெக்) இறக்கிவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும். ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிற நிறுத்துமிடம் (பே) இருந்தால்தான் வேலை நடக்கும்.

இரண்டு சார்ஜர் வைத்தால் 480 கிலோவாட். எச்.டி. (உயர் அழுத்த) மின் இணைப்பு, 630 கேவிஏ டிரான்ஸ்பார்மர் வேண்டும். டிமாண்ட் சார்ஜ் என்கிற நிலையான மாதக் கட்டணம் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரும். இரண்டு வண்டிக்கு இதைப் போட்டால் 10 ரூபாய் யூனிட் என்பது கனவு, பத்துப் பன்னிரண்டு வண்டிக்குப் பிரித்தால்தான் கட்டும். சார்ஜர் ஃபில்டரை வாரம் ஒருமுறை ஊத வேண்டும். எண்ணூர் பக்கத்து நிலக்கரித் தூசி அடைத்தால் மே மாத வெயிலில் பவர் மாட்யூல் ஒவ்வொன்றாக டிரிப் ஆகும்.

கிங்பின்:
அதைத்தாங்க நானும் சொல்றேன். ரெண்டு வண்டி வச்சிருக்கற ஓனருக்கு இது இல்லை. வெளி சார்ஜர்ல ஜிஎஸ்டியோட யூனிட் 20 ரூபா ஆச்சுன்னா கிலோமீட்டருக்கு 26. மிச்சம் நாலஞ்சு ரூபாதான்.

தொப்பூர்:
இறக்கத்தில் மோட்டாரே வேகத்தைப் பிடித்துப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும் கரண்டை (ரீஜென்) யாரும் கணக்கில் எடுக்கவில்லையே? 55 டன் 100 மீட்டர் இறங்கினால் 15 யூனிட் அளவுக்கு ஆற்றல் வெளியே வரும். டீசல் வண்டியில் அது பிரேக் டிரம்மில் சூடாகப் போகிறது. தருமபுரி அருகே தொப்பூர்க் கணவாயில் லோடு வண்டிகள் பிரேக் பிடிக்காமல் போய் மோதுவதற்கு அந்தச் சூடும் ஒரு காரணம்.

யூனிட்கணக்கு:
உண்மைதான், ஆனால் 15-உம் பேட்டரிக்கு வராது. டயர் உராய்வும் காற்றும் தின்றது போக மிச்சம்தான் வரும். ஒரகடம்–காட்டுப்பள்ளிச் சாலை தட்டை. அங்கே ரீஜென் சிக்னலில் வேகம் குறைக்கும்போது மட்டும்தான். இன்னொரு எச்சரிக்கை: மலை உச்சியில் 100 விழுக்காடு சார்ஜோடு இறங்கக் கூடாது. நிரம்பிய பேட்டரி கரண்டை வாங்காது, ரீஜென் வேலை செய்யாது, முழுப் பாரமும் ஏர் பிரேக்கில் விழும். 80-இல் கிளம்ப வேண்டும். சுவிட்சர்லாந்தில் கொமாட்சு டம்பரை மாற்றிச் செய்த இ-டம்பர் காலியாக மலை ஏறி, சுண்ணாம்புக் கல் லோடோடு இறங்குகிறது. அதற்கு ரீஜென் தான் சாப்பாடே.

அச்சுப்பளு:
தட்டைச் சாலை ஓட்டத்தில் நேர்மாறு. இந்த வண்டிகளில் வரும் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரியில் வோல்டேஜ் நடுவில் ஏறக்குறைய மாறாது. 80-லேயே நிறுத்திக்கொண்டிருந்தால் பேட்டரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் கருவி சார்ஜ் அளவைத் தப்பாகக் காட்ட ஆரம்பிக்கும். 25 காட்டும்போதே வண்டி பவரைக் குறைக்கும். வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றி, செல்கள் சமனாகும்வரை விட்டுவைக்க வேண்டும். ஹை பிரஷர் வாட்டர் வாஷையும் உயர் வோல்டேஜ் ஆரஞ்சுக் கேபிள் கனெக்டர் பக்கம் கொண்டுபோகக் கூடாது. தண்ணீர் நுழைந்தால் இன்சுலேஷன் ஃபால்ட் காட்டும், பேட்டரியை இணைக்கும் சுவிட்ச் (கான்டாக்டர்) மூடாது, வண்டி நகராது.

கிங்பின்:
பேட்டரி வாரன்டி 5 வருசம் இல்லேன்னா 5 லட்சம் கிலோமீட்டர், எது முதல்ல வருதோ அது. க்யூல நிக்கிற வண்டி அஞ்சு வருசத்துல ஒன்றரை லட்சந்தான் ஓடும். வாரன்டி முடிஞ்ச மின்வண்டியை லாரித் தொழில் ஊரான சங்ககிரில யார் வாங்குவா? பழைய டீசல் டிராக்டருக்கு விலை இருக்கு, இதுக்கு விலை சொல்ல ஆளே இல்லை. ஃபைனான்ஸ்காரனும் அதைப் பார்த்துத்தான் வட்டி போடறான்.

யூனிட்கணக்கு:
ஒப்புக்கொள்கிறேன், அதனால்தான் ஆலையோடு எழுதும் ஒப்பந்தம் முக்கியம். மாதம் 7,500 கிலோமீட்டர், அதாவது நாளுக்கு 150 கிலோமீட்டரில் இரண்டு நடை. ஒரு நடைக்கு 172 யூனிட். நடுவில் ஆலை டாக்கில் பெட்டி இறக்கும் ஒரு மணி நேரத்தில் இரண்டு கன்னில் அதை ஏற்றிவிடலாம். வருடம் 90,000 கிலோமீட்டர், மிச்சம் 15 லட்சம். வட்டி போக 9, 10 லட்சம் அசலுக்குப் போகும். ஐந்து வருடத்தில் முடியும்.

கிங்பின்:
கேட்ல 4 மணி நேரம் நின்னா ரெண்டாவது நடை ராத்திரி 11 மணிக்குத்தான் முடியும்; அப்ப இன்னொரு டிரைவர் சம்பளத்தையும் எழுதுங்க. 7,500-க்குக் குறைஞ்சா ஆலை வித்தியாசத்தைக் கட்டணும்னு ஒப்பந்தத்துல போடுவாங்களா? க்யூவுக்கு நாங்க பொறுப்பில்லைன்னுதான் எழுதுவாங்க.

யார்டு:
அந்த வரியை மாற்றி எழுதத் தயாராக இருக்கிற ஆலை, டாக்கிலேயே சார்ஜரையும் தன் எச்.டி. இணைப்பில் போட்டுத் தர வேண்டும். ஆனால் காலை, மாலை பீக் நேரத்தில் யூனிட்டுக்கு 25 விழுக்காடு கூடுதல். இரண்டாவது நடைக்கான சார்ஜ் அந்த நேரத்தில் விழாதபடி முதல் நடையை விடியற்காலை 4 மணிக்கே கிளப்ப வேண்டும்.